நாலாம் நம்பர் கட்டிலும் ஒலி மேலாண்மைக் குழுவும்

“இங்கேருங்க, அங்கன போனதும் என்னைய உள்ள தள்ளிவிட்டுட்டு நீங்க வெளிய நின்னு பராக்குப் பாப்பிய. எனக்குத் தெரியும்.”

“ஏளா, பேசாம படு. பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா?”

“பக்கத்துல இருப்பியளா, மாட்டியளா?”

“இருக்கேன்.”

“இருக்கேன்னு சொன்னா ஆச்சா? கேட்டு வாங்கணும். உங்களுக்குத்தான் ஒருத்தர்ட்ட ஒண்ணு கேக்க வாய் வராதே. கல்யாண வீட்டுப் பந்தியில ரெண்டாவது தடவ சாம்பார் வேணும்னாக்கூட என் முழங்கைய இல்ல இடிப்பிய.”

“இந்தத் தடவ கேட்டிருதேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சேரன்மகாதேவியைத் தாண்டி ஆம்புலன்ஸ் பறந்துகொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. நாலு நாள் ஆகிவிட்டது. அப்பாத்துரை இன்னும் கேட்கவில்லை.

அப்பாத்துரைக்கு ஆழ்வார்குறிச்சியில் மைக் செட் தொழில். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருஷமாக அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்கள் கட்டாத தென்னை மரம் அந்த வட்டாரத்தில் இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரும் பேசுவதற்கு வழி செய்து கொடுத்தவர், தான் மட்டும் மைக்கில் “ஹலோ” என்ற சொல்லைத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டிய தேவையும் வரவில்லை. அவருக்காகப் பேச மனைவி ஆவுடையம்மாள் இருந்தாள். மளிகைக் கடையில் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் பேசுவாள், வாடகை பாக்கி வைத்த கட்சிக்காரர்களிடம் பேசுவாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரே ஒரு தடவை பேச முடியாமல் படுத்தாள். அப்போதுதான் அவர் பேச வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டை பொதிகைமலர் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டாம் மாடியில் இருந்தது. பன்னிரண்டு கட்டில்கள். ஒரு வேளைக்கு இரண்டு சிஸ்டர்கள். ஆவுடையம்மாளுக்கு நாலாம் நம்பர் கட்டில். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. “இனிப் பயமில்லை, இதயத் துடிப்பை மட்டும் இரண்டு வாரம் பார்க்க வேண்டும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்ப்பதற்கு அவள் தலைமாட்டில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். பெட்டி பார்த்தது. பார்த்ததை அவ்வப்போது சத்தம் போட்டுச் சொல்லவும் செய்தது. அது சொன்னதைத்தான் யாரும் கேட்கவில்லை.

உறவினர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் அனுமதி. நின்றபடி பார்க்க வேண்டும். உள்ளே நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் உறவினர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நிர்வாகம் சரியாகவே கணித்திருந்தது.

மற்ற நேரமெல்லாம் அப்பாத்துரை கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்பது அவர் தொழில். ஒரு குழாயில் கரகரப்பு வந்தால் மூணு தெரு தள்ளியிருந்தே எந்தக் குழாய் என்று சொல்லுகிற காது. மூன்றாம் நாளே அவருக்குப் பன்னிரண்டு பெட்டிகளின் குரலும் பழகிவிட்டது. ஒன்பதாம் கட்டிலில் விரலில் மாட்டும் கிளிப் அடிக்கடி கழன்றுவிடும். பதினொன்றில் நெஞ்சில் ஒட்டிய வில்லை காய்ந்துபோய் நின்று நின்று கத்தும். நாலாம் கட்டில் மட்டும் விடாமல் மூன்று மூன்றாக அடிக்கும். டிங் டிங் டிங். கொஞ்சம் இடைவெளி. டிங் டிங் டிங்.

“நேசையா, உள்ள கூப்பிடுது கேக்குல்லா?” என்று வாசல் காவலரிடம் சொன்னார்.

“அது எந்நேரமும் கூப்பிடும் அண்ணாச்சி. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒவ்வொரு சத்தத்துக்கும் எந்திரிச்சு ஓடுவேன். இப்பல்லாம் சத்தம் நின்னாத்தான் தூக்கம் கலையுது.”

ஐந்து மணி அனுமதியில் உள்ளே போனபோது அக்தர் பானு சிஸ்டரிடம் கேட்டார். மேலப்பாளையத்துப் பெண். ஒரு கையில் ஊசியும் மறு கையில் சலைன் பாட்டிலுமாக ஆறு கட்டில்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டத்திலேயே பதில் சொன்னாள்.

“உங்க வீட்டம்மாவுக்குத் துடிப்பு இயல்பே அம்பத்தி நாலுதான் அண்ணாச்சி. டாக்டரே சொல்லிட்டாவ. மெஷின்ல அறுபதுன்னு வச்சிருக்கு. அறுபதுக்குக் கீழ போனா கத்தும். அவ்வளவுதான்.”

“அப்ப நாலு நாளா சும்மாவா கத்துது?”

“சும்மாத்தான்.”

“அந்த அறுபதக் கொறைக்க முடியாதா?”

“ரெண்டு பட்டன அமுக்குனாப் போதும். ஆனா படிவம் பதினொண்ணுல மூணு பேரு கையெழுத்து வேணும். மூணாவது கையெழுத்து போட வேண்டிய அதிகாரி பதவி ஒரு வருஷமாக் காலி.”

ஆவுடையம்மாள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தாள். “எய்யா, காதுக்குள்ள யாரோ தட்டுத மாதிரியே இருக்கு. கண்ண மூட முடியல” என்றாள். பிறகு புருவத்தை உயர்த்தி, “கேட்டியளா?” என்றாள். அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பாத்துரை துணிந்து இயக்குநர் அறைக்குப் போனார். டாக்டர் குமரகுருபரன் ஒலிபுகாத கண்ணாடி அறையில் இருந்தார். பக்கத்தில் தர மேலாளர் விஜயஸ்ரீ நாலு கோப்புகளை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். இருவர் முகத்திலும் கவலை. தரச்சான்று வழங்கும் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்பது நாளில் சென்னையிலிருந்து வரப்போகிறார்கள்.

அப்பாத்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “ஐயா, வந்து… என் வீட்டுக்காரி நாலாம் நம்பர் கட்டில்ல…”

“நோயாளியின் உறவினரா?” என்று விஜயஸ்ரீ தலையைத் தூக்கினாள். “என்ன தொழில் பண்றீங்க?”

“மைக் செட்டுங்கம்மா.”

விஜயஸ்ரீயும் இயக்குநரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சார், ஒலி மேலாண்மைக் குழுவுக்கு நோயாளிகள் தரப்பிலிருந்து ஒரு உறுப்பினர் வேண்டும். வெளியிலிருந்து ஒலித்துறை வல்லுநர் ஒருவரும் வேண்டும். ரெண்டு இடமும் காலியா இருக்கு.”

“இப்போது ஒன்றுமே காலியில்லை” என்றார் இயக்குநர்.

பத்து நிமிடத்தில் அப்பாத்துரையின் கழுத்தில் நீல நாடா போட்ட அட்டை ஒன்று தொங்கியது. வாழ்க்கையில் அவர் வாங்கிய முதல் பதவி. கேட்க வந்ததைக் கேட்காமல் வெளியே வந்ததைக் கூடப் படியிறங்கி முடித்த பிறகுதான் உணர்ந்தார்.

குழுவின் முதல் கூட்டம் அன்று மதியமே நடந்தது. முந்திரி பக்கோடாவும் காபியும் வந்தன. இயக்குநர் பேசினார்.

“நேற்று ஒரே நாளில் நம் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு முறை எச்சரிக்கை ஒலித்திருக்கிறது. இதைச் சிலர் குறை என்பார்கள். நான் பெருமை என்கிறேன். இந்த மாவட்டத்தில் வேறு எந்த மருத்துவமனையும் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஒலியும் நாம் விழிப்போடு இருக்கிறோம் என்பதற்குச் சான்று.”

“விழிப்போட இருக்கது மெஷினு. நாங்க இல்ல” என்று அக்தர் பானு பக்கோடாத் தட்டிடம் சொன்னாள். அவளும் ஒரு உறுப்பினர். அவள் கூட்டத்தில் இருந்த ஒரு மணி நேரமும் பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரே சிஸ்டர்தான் என்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை.

விஜயஸ்ரீ எழுந்தாள். “சார், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய் உண்மையான ஆபத்தையும் கவனிக்காம விட்டுடறாங்கன்னு ஆய்வுகள் சொல்லுது. இதுக்கு அலாரம் சோர்வுன்னு பேரு.”

“சோர்வா?” இயக்குநர் திடுக்கிட்டார். “நம் நிறுவனத்தில் சோர்வடைய யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லையே.”

நீண்ட விவாதத்துக்குப் பிறகு மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒலி எழுந்த ஒவ்வொரு முறையும் கட்டில் எண், நேரம், காரணம், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிச் சிஸ்டர் கையெழுத்திட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் எழுதாவிட்டால் அதை நினைவூட்ட மேஜையில் ஒரு மணி ஒலிக்கும். அந்த மணியையும் கவனிக்காவிட்டால் இயக்குநர் அறையில் சங்கு ஊதும். இயக்குநர் அறைக் கண்ணாடி ஒலிபுகாதது என்பதால் சங்கை அறைக்கு வெளியே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைப்பது என்று முடிவானது.

“வல்லுநர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்று இயக்குநர் அப்பாத்துரையைப் பார்த்தார்.

அப்பாத்துரை எழுந்தார். “ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணு…”

“தனிப்பட்ட கருத்து என்றால் ஏழு நாள் முன்னதாக எழுத்தில் தர வேண்டும்” என்று விஜயஸ்ரீ கனிவாகச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். “வல்லுநர் ஆமோதித்தார்” என்று தீர்மானப் புத்தகம் எழுதிக்கொண்டது.

அன்று மாலை ஐந்து மணிக்கு நேசையா அவரை மறித்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு இனிமே உள்ள போக முடியாதாம். சுத்தறிக்கை வந்திருக்கு.”

“ஏம்வே? நேத்து வரைக்கும் விட்டியளே?”

“நேத்து வரைக்கும் நீங்க வெறும் புருசன். இன்னைக்கு உறுப்பினரு. விதி ஏழு என்ன சொல்லுதுன்னா, உறுப்பினருக்கு நோயாளி யார்கூடயும் சொந்தபந்தம் இருக்கப்படாது. நடுநிலை கெட்டுருமாம். ஆய்வுன்னு வந்தா எந்நேரமும் கதவைத் திறந்துவிடுவேன். பாக்கத்துக்குன்னா முடியாது.”

“ஆய்வுக்கும் பாக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?”

“ஆய்வுக்கு வந்தா மெஷினப் பாக்கணும். ஆளப் பாக்கப்படாது.”

அப்பாத்துரை யோசித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடமாவது இருந்தது. பதவி வந்து அதையும் எடுத்துக்கொண்டது. கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். ஆவுடையம்மாள் அவரைக் கண்டுவிட்டாள். புருவத்தை உயர்த்தினாள். அவர் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதை அனுமதிச் சீட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

மூன்று நாளில் பதிவேடு நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டியது. இதில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது சிஸ்டரால் கட்டிலுக்குப் போக முடியவில்லை. கட்டிலுக்குப் போனால் எழுத முடியவில்லை. எழுதாவிட்டால் மணி அடித்தது, மணியை நிறுத்தப் போனால் சங்கு ஊதியது. சங்கு ஊதியதும் கீழ்த்தளத்துக் கேன்டீனில் மதிய இடைவேளை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் இயக்குநர் சிக்கலின் வேரைப் பிடித்தார்.

“ஒலி அதிகமாக இருப்பது குற்றமில்லை. ஒலி இனிமையாக இல்லை என்பதே குற்றம். காதுக்கு இனிய ஒலியைக் கேட்டு யாராவது சோர்ந்துபோவார்களா?”

அப்பாத்துரைக்கு வேலை வந்தது. அவர் பெட்டியில் இருந்த இசைத் தட்டுகள் எல்லாம் வரவழைக்கப்பட்டன. ஒன்று முதல் நாலு வரை வீணை, ஐந்து முதல் எட்டு வரை புல்லாங்குழல், மீதிக்குக் கோயில் மணி. மிகப் பெரிய ஆபத்துக்குக் கெட்டிமேளம்.

மறுநாள் காலை ஒன்பதாம் கட்டிலில் மணி அடித்ததும் தரை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீணைக் கட்டில்காரர்களின் உறவினர்கள் தங்களுக்கு மட்டும் சத்தம் குறைவாக இருப்பதாகப் புகார் எழுதினார்கள். மாலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டாம் கட்டிலில் கெட்டிமேளம் முழங்கியது. பார்க்க வந்திருந்த சித்தி ஒருத்தி, கையில் இருந்த பிரசாதப் பூவைப் பழக்க தோஷத்தில் பெரியவர் தலையில் தூவிவிட்டாள். பெரியவருக்கு ஒன்றுமில்லை, விரல் கிளிப்தான் கழன்றிருந்தது. ஆனால் அவர் இரண்டு நாள் வரைக்கும், “எழுபத்தாறு வயசுல எனக்கு எதுக்குடா இதெல்லாம்? பொண்ணு எந்த ஊரு?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பழைய ஒலிகளே திரும்ப வந்தன. நாலாம் கட்டில் மறுபடி மூன்று மூன்றாக அடிக்கத் தொடங்கியது.

ஆய்வாளர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ‘அலாரம் சோர்வு விழிப்புணர்வுப் பயிற்சி’ நடந்தது. இடம், தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டிய கூட்ட அரங்கு. நேரம், பிற்பகல் மூன்று மணி. மருத்துவமனையின் எல்லா சிஸ்டர்களும் கட்டாயம் வர வேண்டும். அக்தர் பானு ஒருத்தி மட்டும் பன்னிரண்டு கட்டிலுக்கும் பதிவேட்டுக்கும் துணையாக உள்ளே விடப்பட்டாள். மைக் செட் அப்பாத்துரையுடையது. வல்லுநர் என்பதால் வாடகை பேசப்படவில்லை.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் உருக்கமாகப் பேசினார். “எந்த ஒலியையும் அலட்சியம் செய்யாதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிக்கிற ஒவ்வொரு ஒலியும் ஒரு மனிதரின் குரல்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அரங்கில் ஒருவரும் திரும்பவில்லை. நாற்பது சிஸ்டர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அப்பாத்துரை தலையைச் சாய்த்தார். அதே கட்டில், அதே குரல். ஆனால் தாளம் மாறியிருந்தது. மூன்று மூன்றாக அடிக்கவில்லை. ஐந்து அடித்தது. சிறு இடைவெளி. மறுபடி ஐந்து. வேகமாக.

அவர் எழுந்து ஓடினார். வாசலில் நேசையா கையை நீட்டினார்.

“அண்ணாச்சி, விதி ஏழு…”

அப்பாத்துரை அட்டையை உயர்த்தினார். “ஆய்வு வே! மெஷினப் பாக்க வந்திருக்கேன்!”

நேசையா சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார்.

அக்தர் பானு மேஜையில் இருந்தாள். ஒரு கை பதிவேட்டில் பதினோராம் கட்டிலை எழுதியது, மறு கை நினைவூட்டல் மணியை அமுக்கிப் பிடித்திருந்தது.

“சிஸ்டர், நாலாம் கட்டில்!”

“அது எப்பவும் அடிக்கதுதானே அண்ணாச்சி.”

“இல்லம்மா! மூணு மூணா அடிச்சது. இப்ப அஞ்சஞ்சா அடிக்கு!”

அவள் தலையைத் தூக்கினாள். திரையில் முப்பத்து நாலு என்று சிவப்பில் மின்னியது. “அல்லாவே!” என்று பேனாவை எறிந்துவிட்டு ஓடினாள். டியூட்டி டாக்டர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். ஒரு ஊசி. அப்பாத்துரை சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு திரையையே பார்த்தார். முப்பத்தெட்டு. நாற்பத்து நாலு. ஐம்பத்து நாலு. அவருடைய துடிப்பை அப்போது யாராவது எடுத்திருந்தால் எந்தப் பெட்டியாலும் சமாளித்திருக்க முடியாது.

“நல்ல நேரத்துல வந்தீங்க” என்றார் டாக்டர். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை மருந்துச் சீட்டில் கோடிட்டு நீக்கினார். பிறகு பெட்டியைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். “இவங்க இயல்புக்கு அறுபது எதுக்கு? நாற்பத்தஞ்சு வைங்க. நிஜமாவே இறங்கினா அப்ப அடிக்கட்டும்.”

“படிவம் பதினொண்ணு டாக்டர்…”

“நான் சொல்றேன், வைங்க.”

அக்தர் பானு இரண்டு பட்டன்களை அமுக்கினாள்.

நாலாம் கட்டில் அமைதியானது. அப்பாத்துரை அந்த அமைதியைக் காது கொடுத்துக் கேட்டார். ஆவுடையம்மாள் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

“கேட்டுட்டியளா?”

“இல்லளா. குழுவுல இருக்கேன்.”

“என்ன குழு?”

“உன் மெஷினப் பத்திப் பேசுத குழு.”

“அதுலயாவது பேசுனியளா?”

“இல்ல.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் விஜயஸ்ரீ கோப்போடு வந்துவிட்டாள். “மிஸ்டர் அப்பாத்துரை, நீங்க நோயாளியோட பேசிட்டிருக்கீங்க. விதி ஏழு!” அவரை அழைத்துப் போகும்போது ஆவுடையம்மாள் தூங்கியே போயிருந்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தூக்கம்.

மறுநாள் காலை குழு அவசரமாகக் கூடியது. எட்டு நாளில் சேர்ந்த புள்ளிவிவரங்கள் திரையில் ஏறின. எல்லாக் கட்டில்களின் கோடுகளும் வானத்தைப் பார்த்து உயர்ந்திருந்தன. நாலாம் கட்டிலின் கோடு மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது.

“நேற்று மூன்றேகால் மணியிலிருந்து நாலாம் கட்டில் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை” என்றார் இயக்குநர். “அந்தக் கட்டிலை யாரோ முடக்கியிருக்கிறார்கள். ஆய்வாளர்கள் கேட்டால் என்ன சொல்வது? நம் மாவட்ட முதலிடம் என்ன ஆவது?”

“அவங்க தூங்கிட்டு இருக்காங்க சார்” என்றாள் அக்தர் பானு.

“தூங்குவது நோயாளியின் விருப்பம். ஒலிப்பது கருவியின் கடமை.”

படிவம் பதினொன்று இல்லாமல் அளவை மாற்றியதற்காக அக்தர் பானுவுக்கு விளக்கம் கேட்டு ஓலை தயாரானது. நாளைய விழா முடிந்ததும் நாலாம் கட்டிலை மீண்டும் அறுபதுக்கு ஏற்றுவது என்றும் தீர்மானம் ஆனது. அதே மூச்சில், ஆபத்தை நாற்பதே விநாடியில் கண்டுபிடித்த ஒலி மேலாண்மைக் குழுவுக்குப் பாராட்டும், வல்லுநர் அப்பாத்துரைக்குப் பொன்னாடையும் தீர்மானிக்கப்பட்டன.

அப்பாத்துரை வாயைத் திறந்தார். “வல்லுநர் நெகிழ்ந்தார்” என்று எழுதிக்கொண்டார்கள்.

விழா அன்று அரங்கு நிறைந்திருந்தது. முதல் வரிசையில் ஆய்வாளர்கள் இருவர். வாசலில் வாழை மரம். இயக்குநரின் உரையை நோயாளிகளும் கேட்டுப் பயன்பெற வேண்டும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளும் ஒரு ஒலிபெருக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாத்துரை தன் கையாலேயே அதை நாலாம் கட்டிலுக்கு நேராக மாட்டினார். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தும் வைத்தார்.

இயக்குநர் முழங்கினார். “எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது மூன்று வகைப் பதிவேடுகள், இரண்டு மணிகள், ஒரு சங்கு, பதினாறு படிவங்கள் இருக்கின்றன. சிஸ்டர்கள் எத்தனை பேர் என்று ஆய்வாளர் ஒருவர் காலையில் கேட்டார். நாங்கள் எண்ணிக்கையை நம்புகிறவர்கள் அல்ல. நடைமுறையை நம்புகிறவர்கள்! சிஸ்டர் சோர்ந்துபோவாள், படிவம் சோர்ந்துபோகுமா?”

கைதட்டல் எழுந்தது. ஆய்வாளர்களில் ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பொன்னாடை போர்த்தப்பட்டது. “வல்லுநர் இரண்டு வார்த்தை பேசுவார்” என்று விஜயஸ்ரீ மைக்கை அவர் கையில் கொடுத்தாள். முப்பது வருஷமாகத் துடைத்து, சரி செய்து, மற்றவர்களிடம் கொடுத்த மைக். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

கடைசி வரிசையில் அக்தர் பானு நின்றிருந்தாள். அவள் சட்டைப் பையிலிருந்து விளக்க ஓலை எட்டிப் பார்த்தது. இன்னும் அரை மணியில் இங்கே விழா முடியும். அங்கே யாராவது இரண்டு பட்டன்களை அமுக்குவார்கள். மூன்று மூன்றாக அடிக்கத் தொடங்கும். பிறகு ஒரு நாள் ஐந்தாக அடிக்கும். அப்போது கேட்க யார் இருப்பார்கள்?

“ஐயா…” என்றார். குரல் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்து அவரையே பயமுறுத்தியது. “எனக்குப் பேசத் தெரியாது. நான் வல்லுநர் கெடையாது. மைக் செட்டுக்காரன். ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும். குழாய் எந்நேரமும் அலறிக்கிட்டே கெடந்தா ஊர்க்காரன் ஒருத்தன்கூடக் கேக்க மாட்டான். அவன் பாட்டுக்குத் தூங்கிருவான். தூங்குதவன் மேல தப்பு கெடையாது.”

இயக்குநர் புன்னகையோடு கையை நீட்டினார். அப்பாத்துரை மைக்கைக் கொடுக்கவில்லை.

“சிஸ்டர் அந்த அறுபத நாப்பத்தஞ்சாக் கொறைச்சதுலதான் என் வீட்டுக்காரி ரெண்டு நாளாத் தூங்குதா. அவளுக்குத் தக்கன வச்சிருக்காவ, அத யாரும் மாத்தாதிய. பன்னெண்டு பேருக்கு ரெண்டு பேரு ஓடுதாவ. அவங்களுக்கு ஓலை கொடுக்காதிய, கூட ரெண்டு ஆளக் கொடுங்க.”

“மிஸ்டர் அப்பாத்துரை, இதெல்லாம் ஏழு நாள் முன்னாடி எழுத்தில்…” என்று விஜயஸ்ரீ மெல்லிய குரலில் தொடங்கினாள்.

“எழுத நேரமில்லம்மா.”

முதல் வரிசை ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அப்பாத்துரை பொன்னாடையை எடுத்து மடித்து மேஜையில் வைத்தார். நீல நாடா அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அதன் மேல் வைத்தார். இப்போது அவர் வெறும் புருஷன். விதி ஏழு அவரைத் தொடாது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியில் தன் மூச்சுகூடக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

“எனக்குன்னு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்யா. வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், வாய் வரல. நாலாம் நம்பர் கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு, அவ வீட்டுக்கு வாரது வரைக்கும் என்னைய அங்கன உக்கார விடுங்க.”